எண்ணெய்க்கு அடியில் எழுத்து

கம்பெனியில் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘ரிஜெக்ட் மேடம்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. கேண்டீன் வரிசையில் எனக்கு முன்னால் நிற்பவர்கள், நான் பின்னால் வந்து நிற்பது தெரியாமல் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் வார்த்து, கடைந்து அனுப்பும் தொழிற்சாலையில் அளவு பார்க்கும் அறை என் பொறுப்பு. தலைமுடித் தடிமனில் பாதி கூடினாலும் அந்தப் பொருள் எங்கள் வாசலைத் தாண்டக் கூடாது. அப்படிப்பட்ட வேலைக்கு இனிக்க இனிக்கப் பேசுகிறவளைப் போட்டால் கம்பெனி விளங்கிவிடும்.

என்னிடம் இருக்கும் கருவிகளில் எனக்குப் பிடித்தது கையில் பிடித்து ஓட்டும் ஸ்கேனர். இஸ்திரிப் பெட்டி அளவுதான் இருக்கும். பொருளின் மேல் நீல வெளிச்சத்தில் கோடுகளை வீசும். அந்தக் கோடுகள் எங்கே வளைகின்றன, எங்கே நெளிகின்றன என்று தன் கேமராவால் பார்த்து, பொருளின் உருவத்தை அப்படியே கணினித் திரையில் கட்டிவிடும். இருக்க வேண்டியபடி இருந்தால் பச்சை, மேடாக இருந்தால் சிவப்பு, பள்ளமாக இருந்தால் நீலம். விரலுக்குத் தட்டாத பள்ளம்கூட அதில் நீலமாக வந்து நிற்கும். என் அறைக்குள் வெளி ஆள் வருவதே எனக்குப் பிடிக்காது. அந்த ஸ்கேனரை வேறு யாராவது தொட்டுவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

அந்த அறைக்குள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் பேரிகைக்காரி வந்து நின்றாள். கணினி சொல்கிறபடி இரும்பைக் கடையும் சிஎன்சி மெஷின் ஓட்டுகிறவள். ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகையிலிருந்து உள்ளே தள்ளி, ஏரியை ஒட்டிய ஓர் ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்பதால் எல்லாருக்கும் அவள் பேரிகைக்காரி. வீட்டில் தெலுங்கு பேசுவாள், பக்கத்து மெஷின் பெண்ணிடம் கன்னடம், என்னிடம் தமிழ். அவள் கடைந்த பொருளை நான் திருப்பி அனுப்பியது ரொம்பக் குறைவு. அந்த மரியாதைக்காகத்தான் உள்ளே விட்டேன்.

“மேடம், உங்க மெஷின் கல்லைப் பாக்குமா?”

“கல்லுன்னா? கிட்னியில இருக்கிற கல்லா?” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் அவள் முகத்தைச் சரியாகப் பார்த்தேன். பல நாளாகத் தூங்காத முகம்.

விஷயம் இதுதான். அவர்கள் ஊர் ஏரிக்கரையில் இடுப்பளவு உயரத்தில் ஒரு சாமிக்கல் இருக்கிறது. எந்தக் காலத்தில் யார் நட்டார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. செவ்வாயும் சனியும் எண்ணெய் சாத்திப் பூசை நடக்கும். இப்போது பேரிகை ரோட்டிலிருந்து புதிதாக வரும் ஒரு தொழிற்சாலைக்குச் சாலை போடுகிறார்கள். சாலை ஏரிக்கரையோடு போகிறது, கல்லின் மேலேயே போகிறது. ஊரார் மனு கொடுத்தார்கள். சாலை வேலையைப் பார்க்கும் அதிகாரி வந்து பார்த்தார். எண்ணெய் பூசிய கல்லுக்கெல்லாம் சாலையைத் திருப்ப முடியாது, அதில் எழுத்தோ உருவமோ இருந்தால் பழங்காலக் கல் என்று எழுதிச் சாலையைக் கொஞ்சம் ஒதுக்கலாம், எண்ணெயைச் சுரண்டிக் காட்டுங்கள் என்றார். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஜேசிபி வரும் என்று கெடுவும் சொல்லிவிட்டார்.

சுரண்டிக் காட்ட வேண்டியதுதானே என்று கேட்டேன்.

“அது முடியாதுங்க மேடம். எங்க சாமி மேல எதை வேணும்னா போடலாம், எதையும் எடுக்கக் கூடாது. பூ வாடினாக்கூட நாங்க எடுக்க மாட்டோம். காத்து அடிச்சு அதுவா விழணும். அப்படித்தான் பழக்கம்.”

எடுக்காமல் போட்டுக்கொண்டே வந்ததில் எண்ணெயும் மஞ்சளும் விளக்குப் புகையும் சேர்ந்து கல் முழுக்கத் தார் ஊற்றியது மாதிரி கறுப்பாகி, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த ஆளே உயிரோடு இல்லை. சுரண்டினால் சாமி குற்றம், சுரண்டாவிட்டால் ஜேசிபி. ஊர் இப்படி நடுவில் மாட்டிக்கொண்டு, கோபத்தை யார் மேல் இறக்குவது என்று தேடி, இவள் மேல் இறக்கியிருந்தது. அந்த ஊரிலிருந்து கம்பெனி வேலைக்கு முதலில் போன பெண் இவள்தான். இவள் முதலில் போனாள், பின்னாலேயே கம்பெனி ரோடு வந்துவிட்டது என்று பேச்சு.

“குழாயடியில போய் நின்னா எல்லாரும் குடத்தை எடுத்துக்கினு போயிடறாங்க. எங்க மாமியாரே ஜாடையாத்தான் பேசறாங்க. கல்லு போயிட்டா நான் அந்த ஊர்ல இருக்க முடியாதுங்க மேடம்” என்றாள். அழவில்லை. மெஷினில் என்ன கோளாறு என்று சொல்வது போலச் சொன்னாள். அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

ஸ்கேனர் எண்ணெயைத் தாண்டி உள்ளே பார்க்காது, மேல்தோலை மட்டும்தான் பார்க்கும் என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கள் மேசையில் கிடந்த ஒரு பழைய இரும்பு வார்ப்பு கண்ணில் பட்டது. மூன்று கோட் பெயின்ட் அடித்த பொருள். அடியில் குத்திய எண் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திரையில் அந்த எண் மங்கலான நீலமாக வந்ததை நானே பார்த்திருக்கிறேன். எத்தனை பூச்சு பூசினாலும் அடியில் பள்ளம் இருந்தால் மேலே ஒரு சாயல் இருக்கும். எண்ணெய்க்கும் அது பொருந்தாமலா போகும்?

“ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா வரும்னு சொல்ல மாட்டேன்” என்றேன். வாக்குக் கொடுப்பது என் வழக்கம் இல்லை.

ஸ்கேனரை வெளியே எடுத்துப் போக மேனேஜரிடம் போய் நின்றேன். பெங்களூரிலிருந்து தினமும் வந்து போகும் கன்னடக்காரர். மறுப்பார் என்று நினைத்து, மூன்று நான்கு காரணங்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. “எங்க ஊர்லயும் வீரகல்லு, அதான் நடுகல், இருக்கு” என்று மட்டும் சொல்லி கேட் பாஸில் கையெழுத்துப் போட்டார். பிறகு, “கீழே விழுந்தா நீங்களும் அந்த ஊர்லயே இருந்துடுங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு, அதாவது எங்கள் மாதா கோயிலுக்கு, அங்கிருந்து நேராகக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நாங்கள் கிருஷ்ணகிரி பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். இன்னொருவர் சாமியின் முன்னால் ஸ்கேனரோடு போய் நிற்பது சரியா என்று வழியெல்லாம் ஓர் உறுத்தல். அளவு பார்ப்பதில் மதம் எங்கே வந்தது என்று எனக்கு நானே அதட்டிக்கொண்டேன்.

கல் நான் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. கன்னங்கரேலென்று, வழவழவென்று, வெயிலில் கண் கூசியது. மேல்பாதியில் முகம் மாதிரி ஒரு புடைப்பு. அதில் இரண்டு வெள்ளிக் கண்கள் பதித்திருந்தார்கள். அந்தக் கண்கள் மட்டும்தான் தெளிவு. பூசாரி பேரிகைக்காரியின் பெரிய மாமனார். பூசை இல்லாத நாட்களில் ரோஜாத் தோட்டத்து வேலை. கையெல்லாம் முள் கீறிய தழும்பு. “பாத்துக்கோம்மா, தொடாம பாத்துக்கோ” என்றார். பின்னால் ஊர் நின்றது.

ஸ்கேனரை ஓட்டினேன். திரையில் உருவம் வரவில்லை, ஓட்டை ஓட்டையாகத்தான் வந்தது. கறுப்பு வெளிச்சத்தை விழுங்குகிறது, வழவழப்பு அதைக் கண்ட பக்கம் வீசுகிறது, மீதியை வெயில் கெடுக்கிறது. குடையைப் பிடிக்கச் சொன்னேன். மறுபடி ஓட்டினேன். மறுபடி ஓட்டை. ஊரில் ஒருவர் இன்னொருவரிடம் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

எங்கள் அறையில் பளபளப்பான பொருள் வந்தால் செய்வது ஒன்றுதான். வெள்ளைப் பொடி ஸ்ப்ரேயை எடுத்து லேசாக அடிப்போம். பளபளப்பு அடங்கிவிடும், ஸ்கேனருக்குக் கண் தெரியும். ஒரு நாளைக்கு இருபது தடவை செய்கிற வேலை. என் கை பைக்குள் போனதும், ஸ்ப்ரேயை எடுத்ததும், குலுக்கியதும், கல்லின் மேல் ‘புஸ்’ என்று அடித்ததும் எனக்கே தெரியாது. உள்ளங்கை அகலத்துக்குக் கல் வெள்ளையாகிவிட்டது. பழக்கத்தில் அடுத்த கையால் ஸ்கேனரை அந்த இடத்தில் ஓட்டியும் விட்டேன்.

அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்டது.

“சாமி மேல பெயிண்ட் அடிக்கறியாம்மா நீ?” பூசாரி கத்தினார். கூட்டம் முன்னால் வந்தது. தப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். ஆனால் என் வாய் எப்போது நேரத்துக்குச் சரியானதைச் சொல்லியிருக்கிறது? “உங்க கல்லைக் காப்பாத்தத்தானே வந்தேன், எனக்கென்ன தலையெழுத்தா” என்று கத்திவிட்டேன். பேரிகைக்காரி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காரில் உட்கார வைத்தாள். இவளைக் கூட்டி வந்ததே நீதான் என்று அவளுக்குப் பின்னால் யாரோ சொன்னது எனக்கும் கேட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் நானே காலி செய்துவிட்டேன்.

கதவை மூடிவிட்டு லேப்டாப்பை அணைக்கப் போனேன்.

“அக்கா, இருங்க. இது இன்னா?” என்றாள். கம்பெனி வாசலைத் தாண்டியதும் மேடம் அக்காவாகியிருந்தது.

திரையில் ஓட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, ஸ்ப்ரே அடித்த இடம், சுத்தமாகப் பதிவாகியிருந்தது. அதன் குறுக்கே வளைந்து இறங்கும் ஒரு கோடு. கல்லின் இயற்கையான வெடிப்பு அப்படி வளையாது. வெடிப்புகளைப் பார்த்துத்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். அது உளி போன தடம்.

அவள் குனிந்து அந்தக் கோட்டை விரலால் தொடர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள். “நீங்க அடிச்சது வெள்ளைப் பொடிதானே?”

“ஆமா.”

“எங்க சாமிக்கு வருஷத்துல ஒரு வாட்டி உடம்பு முழுக்க விபூதி சாத்துவாங்க. அதுவும் வெள்ளைப் பொடிதானே அக்கா? போடறதுதானே? எடுக்கறது இல்லையே?”

இத்தனை வருஷமாக இவளை மெஷினில் நிறுத்தி வைத்திருக்கிறோமே என்றுதான் முதலில் தோன்றியது.

அவள் இறங்கிப் போய்ப் பெரிய மாமனாரிடம் பேசினாள். நான் காரிலேயே இருந்தேன். பேச்சு தெலுங்கில் ஏறி இறங்கி, ஒரு கட்டத்தில் எல்லாரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். திரும்பி வந்து, “செவ்வாய்க்கிழமை சாத்தறேன்னு சொல்லிட்டாரு. ஆனா நீங்க சாமிகிட்ட தப்புன்னு சொல்லணுமாம்” என்றாள்.

போனேன். கோயிலில் பாவமன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால்கூட நான் அவ்வளவு தயங்கியதில்லை. கல்லின் முன்னால் நின்று, தப்புதான், தெரியாமல் செய்துவிட்டேன் என்றேன். சொன்ன பிறகு மனசு லேசாகிவிட்டது. அந்த வெள்ளைத் திட்டை என்ன செய்வது என்று பூசாரியிடம் கேட்டேன்.

“போட்டது போட்டதுதான். இனிமே அதுவும் சாமியோடது” என்றார்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டேன். நான் லீவு போட்டதால் உற்பத்திப் பிரிவில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஊரில் வெயிலை மறைக்க லாரியில் போடும் நீலத் தார்ப்பாயைக் கல்லைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தார்கள். விபூதி பசுஞ்சாணி சுட்டு அவர்களே செய்தது. விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்றது.

“இது ஆகாது” என்றேன். பழக்க தோஷம்.

பூசாரியின் முகம் மாறியது. நல்ல வேளையாகப் பேரிகைக்காரி புகுந்து, அக்காவுக்கு இன்னும் நைசாக வேண்டும் என்று சமாளித்தாள். வீடு வீடாகப் போய்ப் பழைய பருத்திப் புடவைகளைக் கொண்டு வந்தார்கள். இரண்டு பெண்கள் புடவையை இழுத்துப் பிடிக்க, மூன்றாவது பெண் தட்டித் தட்டிச் சலித்தாள். குழாயடியில் இவளோடு பேசாதவர்கள்தான் அந்த மூன்று பேரும். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை சலித்தது கை பட்டாலே பறந்தது. எங்கள் கம்பெனி ஸ்ப்ரே தோற்றுவிடும். “இப்போ பாஸா?” என்று ஒருத்தி கேட்டாள். பாஸ் என்றேன்.

பூசாரி குளித்து ஈரத்துணியோடு வந்து, விபூதியை மெல்லிய துணியில் முடிந்து, கல்லின் மேல் ஒற்றி ஒற்றிச் சாத்தினார். நான் பின்னால் நின்றுகொண்டு, இங்கே தடிப்பு, அங்கே குறைவு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு மூன்று தடவை முறைத்தார். பிறகு அவரே தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து, தடிப்பான இடத்தில் ஊத ஆரம்பித்தார். அவரும் என் ஜாதிதான், வேலையில் சமாதானம் ஆகாத ஜாதி. கறுப்புக் கல் கொஞ்சம் கொஞ்சமாகச் சாம்பல் வெள்ளையாகியது. எனக்கு விபூதிப் புதன் நினைவுக்கு வந்தது. வருஷா வருஷம் சாம்பல் பூசிக்கொள்ளப் பங்குச் சாமியார் முன்னால் நெற்றியைக் காட்டி நிற்கிறேன். அன்றைக்கு அந்தக் கல்லும் அப்படித்தான் நின்றது. வழியெல்லாம் என்னை அறுத்த உறுத்தல் அத்தோடு போனது.

ஸ்கேனரை ஓட்டினால் முதலில் நன்றாக வந்து, பாதியில் வழி தவறியது. எல்லா இடமும் ஒரே வெள்ளையாக இருந்தால் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. எங்கள் அறையில் அடையாளத்துக்குப் பொட்டு மாதிரி ஸ்டிக்கர் ஒட்டுவோம், வேலை முடிந்ததும் உரித்துவிடுவோம். இங்கே உரிக்க முடியாதே என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, பூசாரி தன் பாட்டுக்கு, விபூதி சாத்தியானதும் செய்யும் வழக்கப்படி, கல் முழுக்கக் குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே போனார். ஸ்கேனருக்கு வழி தெரிந்துவிட்டது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே, மூன்று தடவை ஓட்டினேன். ஓர் ஓட்டை இல்லை.

புதன்கிழமை மதிய சாப்பாட்டு நேரத்தில் பேரிகைக்காரியை என் அறைக்குக் கூப்பிட்டு, என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டேன். வழக்கமாகப் பொருளை டிராயிங்கோடு ஒப்பிட்டுத்தான் நிறம் பார்ப்போம். இந்தக் கல்லுக்கு டிராயிங் ஏது? அதனால் கல்லின் மொத்த வளைவையும் வழவழப்பாக்கி ஒரு போலிக் கல்லைத் திரையில் செய்தேன். உண்மைக் கல்லை அதனோடு ஒப்பிடச் சொன்னேன். எண்ணெய் திரண்ட பெரிய மேடுகளெல்லாம் கழிந்துவிடும், சின்ன மேடு பள்ளம் மட்டும் மிஞ்சும். கணினி யோசித்தது. நாங்கள் தயிர்சாதத்தைத் தொடவில்லை.

முதலில் ஒரு கால் வந்தது. மடங்கிய முழங்கால். பிறகு இடுப்பு, இடுப்பில் ஏதோ செருகியிருக்கிறது, ஓங்கிய கை, கையில் குறுவாள். ஒரு ஆள் நிற்கிறான். அவன் முன்னால் பின்னங்காலில் எழும்பி நிற்கிறது ஒரு புலி. வால்கூடத் தெரிகிறது. அவர்களுக்கு மேலே, வரி வரியாக, ஐந்து வரி, நீலத்தில் எழுத்து. எங்கள் இரண்டு பேருக்கும் படிக்கத் தெரியாத எழுத்து. ஆனால் எழுத்து என்பதில் சந்தேகமே இல்லை.

நான் அழுதுவிட்டேன். அளவு பார்க்கும் அறையில் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்துக்கொண்டே திரையைப் பார்த்தவள், சட்டென்று நிறுத்தினாள்.

“அக்கா. கண்ணு.”

வெள்ளிக் கண்கள் இரண்டும் சின்ன மேடாகப் பதிவாகியிருந்தன. அவை அந்த ஆளின் முகத்தில் இல்லை. அவன் முகம் பக்கத்தில் தேய்ந்து தட்டையாக இருந்தது. கண்கள் புலியின் தலையில் இருந்தன. எத்தனை தலைமுறையாகவோ ஊர் புலியின் கண்ணைப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறது.

“இதை மட்டும் அழிச்சிட முடியாதா?” என்று கேட்டாள். கெஞ்சினாள் என்றுதான் சொல்ல வேண்டும். கல் காப்பாற்றப்பட்டு, சாமி கேலியானால் அவளுக்கு அது இன்னும் மோசம். எனக்குப் புரிந்தது. ஆனால் என் கையெழுத்துப் போகும் எந்த அறிக்கையிலும் நான் எதையும் அழித்ததில்லை. அழித்தது தெரிந்தால் எழுத்தையும் நம்ப மாட்டார்கள் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சாப்பிடாமலேயே மெஷினுக்குப் போனாள்.

வியாழக்கிழமை காலை நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே ஜேசிபி ஏரிக்கரையில் நின்றது. அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. வெயிலில் அலைந்து அலுத்தவர். லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நன்றாகத்தான் பார்த்தார். நிமிர்ந்து, “கம்ப்யூட்டர்ல என்ன வேணா வரையலாம் மேடம். போன வாரம் என் பொண்ணு போன்ல என்னைக் குதிரை மேல உக்கார வச்சிருக்கா. இதை வச்சு நான் எப்படி எழுதறது?” என்றார்.

எனக்குக் காது மடல் சூடாகியது. வாயைத் திறந்துவிட்டேன். அப்புறம் மூடிக்கொண்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பேன். இதைவிட மோசமாகக் கேட்டிருப்பேன். எங்கள் கம்பெனியில் ஓர் அளவின் மேல் சந்தேகம் வந்தால், அளந்தவள் விலகிக்கொண்டு, வேறு ஆள் வேறு கையால் அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக வந்தால்தான் அந்த அளவு செல்லும்.

ஸ்கேனரை எடுத்துப் பேரிகைக்காரியின் கையில் கொடுத்தேன். என்னைத் தவிர யாரும் தொடாத ஸ்கேனர். “சார், லேப்டாப்பை நீங்களே வச்சுக்கங்க. நான் அந்த மரத்துக்கிட்ட போய் நிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு இருபது அடி தள்ளிப் போய் நின்றேன். பூசாரி தார்ப்பாய் நிழலில் புது விபூதியை ஒற்றிப் பொட்டு வைத்துவிட்டு விலகினார்.

அவள் ஸ்கேனரை ஒரு தடவை தூக்கிக் கனம் பார்த்தாள். அப்புறம் மெஷினுக்கு முன்னால் நிற்கும் நிலைக்கு அவள் உடம்பு தானாக வந்தது. காலை அகட்டி நின்று, ஒரே வேகத்தில், ஒரே தூரத்தில் நகர்த்தினாள். சத்தியமாக என்னைவிட நன்றாக நகர்த்தினாள். அதிகாரியின் மடியில் இருந்த லேப்டாப்பைச் சுற்றி ஊர் மொத்தமும் குனிந்திருந்தது. முடிந்ததும், புதன்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததை வைத்து, எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். “நீங்களே அமுக்குங்க சார்” என்றாள்.

அமுக்கினார். கணினி ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு கூட்டத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. எனக்குத் திரை தெரியவில்லை, முகங்கள்தான் தெரிந்தன. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் போதும் என்றாகிவிட்டது.

“வாள் இருக்குது பாரு. எழுத்து, மேலே எழுத்து” என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அப்போது ஒரு பெண்ணின் குரல் தனியாகக் கேட்டது. “கண்ணு புலிக்கு இருக்குதே.”

பேரிகைக்காரி ஸ்கேனரை மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். கல்லைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

“அந்தப் புலி வரலைன்னா இவரு ஏன் சாமியாகறாரு? ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கும்பிட்டிருக்கோம்” என்றார் நிதானமாக. “அதுக்குப் போட்ட கண்ணை எடுக்க முடியாது. இவருக்கு ஒரு ஜோடி போட்டுடலாம். போடறதுக்கு என்ன?” பிறகு பேரிகைக்காரியிடம் திரும்பி, “எங்கே போடணும்னு நீ வந்து காட்டும்மா” என்றார்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஜேசிபிக்காரரைப் பார்த்து, வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார். அந்த வண்டி பின்னால் நகரும்போது போடும் ‘பீப் பீப்’ சத்தத்தை நான் அதற்கு முன்பும் பிறகும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்டது எனக்குப் பெரிய பூசை மணியாகத்தான் கேட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கை தட்டினேன்.

எழுத்தைப் படித்துச் சொன்னது தர்மபுரியில் கல்லூரியில் வரலாறு நடத்தும் ஓர் அம்மா. படத்தை வாட்சப்பில் அனுப்பினேன். பழைய வட்ட வடிவத் தமிழ் எழுத்து என்றார். மாடு பிடிக்க வந்த புலியோடு சண்டை போட்டு இறந்தவனுக்கு அவன் தங்கை நட்ட கல் என்கிற அளவுக்குப் படிக்க முடிந்தது. அவன் பெயர் வரும் இடத்தில் கல் சிதைந்திருக்கிறதாம். ஊர்ப் பெண்களுக்கு அந்தத் தங்கையைப் பிடித்துப்போய்விட்டது. இப்போது அவளுக்கும் சேர்த்து ஒரு விளக்கு வைக்கிறார்கள். பக்கத்தில் ஃப்ளெக்ஸ் பலகை ஒன்று நிற்கிறது. அதில் இருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் பிடித்தால், எண்ணெய் இல்லாத கல் திரையில் வரும், விரலால் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம். கல்லின் மேலிருந்து ஒரு துளி எண்ணெய்கூட எடுக்கவில்லை.

பேரிகைக்காரி இப்போது என் அறையில்தான் வேலை பார்க்கிறாள். நான்தான் மேனேஜரிடம் சண்டை போட்டு வாங்கினேன். என்னைவிடக் கண்டிப்பு. போன மாதம் நான் பாஸ் செய்த பொருளை அவள் திருப்பி அனுப்பினாள், சரியாகத்தான் அனுப்பினாள்.

புதுச் சாலை முடிந்து, எங்கள் கம்பெனி பஸ் ஒன்று அவளை ஏற்ற அந்த வழியாகப் போகிறது. வேலை இருக்கிறதோ இல்லையோ, மாதத்தில் ஒரு நாளாவது நான் அதில் போய்விட்டு வருவேன். நேராக வரும் சாலை ஏரிக்கரையில் ஓரிடத்தில் மட்டும் கல்லைச் சுற்றி ஒதுங்கிப் போகும். எதற்கு இந்த வளைவு என்று புது டிரைவர் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பார். வண்டி அங்கே திரும்பும்போது பஸ்ஸில் இருக்கும் நாற்பது பேரும் ஒரே பக்கமாகச் சாய்கிறோம். போனில் மூழ்கியிருப்பவரும் சாய்கிறார், அரைத் தூக்கத்தில் இருப்பவரும் சாய்கிறார். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பேரிகைக்காரி மட்டும், ஊர் பார்க்கட்டும் என்று தலையை நன்றாக வெளியே நீட்டிக்கொள்கிறாள்.